ஆறு ஊசி போட்டும் கட்டி முழுசாகக் கரையவில்லை, உதவி தேவை

செவலை, நாட்டு நாய், பெண், 6 வயது, 17 கிலோ. ஊர் திண்டுக்கல்.

மார்ச்சில் பின்பக்கம் ரத்தம் சொட்டியது. ஹீட் (இணைசேரும் பருவம்) என்று நினைத்து மூன்று வாரம் விட்டுவிட்டோம், அதுதான் தப்பு. பிறகு பார்த்தால் காலிஃபிளவர் மாதிரி சதை. ஊசியால் செல் எடுத்துப் பார்த்த டாக்டர் டிவிடி (TVT) கட்டி என்றார். இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய்.

வாரம் ஒரு வின்கிரிஸ்டின் (புற்றுநோய் மருந்து) ஊசி, நரம்பில். மூன்றாவதுக்கே பாதியாகச் சுருங்கியது. நடுவில் வெள்ளையணு குறைந்ததால் ஒரு வாரம் தள்ளினோம். ஆறு முடிந்தும் நெல்லிக்காய் அளவில் அப்படியே நிற்கிறது. லேசாக ரத்தமும் வருகிறது. சாப்பாட்டில் மட்டும் குறையே இல்லை!

அடுத்து டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து போடலாம் என்கிறார் டாக்டர். இதயத்தைப் பாதிக்குமே என்று பயம்.

வின்கிரிஸ்டினுக்கு அடங்காத டிவிடிக்கு டாக்ஸோரூபிசின் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எத்தனை ஊசியில் கரைந்தது?