மாறுகண் அறுவைக்குப் பின் கருவிழி ஓரத்தில் விழுந்த பள்ளம்

சிறுவயது முதலே மூக்குப் பக்கம் திரும்பியிருந்த என் வலது கண்ணுக்கு, 34 வயதில்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். உட்புறத் தசையைப் பிரித்து, சற்றுப் பின்தள்ளித் தைத்தார்கள். கரையும் தையல் என்பதால் சில வாரங்கள் மணல் விழுந்ததுபோல் உறுத்தும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த உறுத்தலும் நாளுக்கு நாள் தணிந்துதான் வந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அது வேறு விதமாகத் திரும்பி வந்தது. கண்ணை மூடினால் இதமாக இருந்தது. திறந்தால் ஒரே இடத்தில் குத்தியது. வெளிச்சம் பட்டால் நீர் வழிந்தது. தையல்தான் குத்துகிறது என்று நானே முடிவு செய்துகொண்டு இரண்டு நாள்கள் பொறுத்திருந்தேன். அப்படிப் பொறுத்திருக்கக் கூடாது.

மருத்துவர் ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை ஒன்றை நனைத்து, கீழ் இமையின் உட்புறம் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். எடுத்த படத்தை எனக்கும் காட்டினார். கருவிழியின் மூக்குப் பக்க ஓரத்தில், உளுந்தளவுகூட இல்லாத ஒரு பள்ளத்தில் சாயம் பச்சையாகத் தேங்கி நின்றது. இதற்கு டெல்லன் என்று பெயராம். தையல் போட்ட இடத்தில் வெண்படலம் வீங்கி மேடாகிவிட்டால், வாசற்படியை ஒட்டிய மூலையில் துடைப்பம் படாமல் போவதைப் போல, இமை அந்த மேட்டின் ஓரத்தில் படியாமல் தாண்டிவிடுகிறது. கண்ணீர் பரவாத அந்த இடம் காய்ந்து, மெலிந்து, குழிந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் மேலும் மெலியும், கிருமித் தொற்றுக்கும் இடம் கொடுக்கும் என்று அவர் சொன்னபோது, கழிந்த இரண்டு நாள்களை நினைத்து உள்ளூர நடுங்கிவிட்டேன்.

பதப்படுத்தும் மருந்து கலவாத செயற்கைக் கண்ணீரை மணிக்கொரு முறை விட்டு, இரவில் களிம்பு போட்டுக் கண்ணைக் கட்டிவைத்தேன். ஐந்தாம் நாள் பரிசோதனையில் பள்ளம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

அன்று என் அருகில் காத்திருந்த ஒரு தாய், அறுவை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு மகனின் வெள்ளை விழியில் நீர்க்குமிழி போன்ற கட்டி எழும்பியதைச் சொன்னார். தைத்த இடத்தில் மேற்தோல் செல்கள் உள்ளே சிக்கி வளர்ந்த நீர்க்கட்டி அது. குத்தி வடித்தால் மீண்டும் நிரம்பும் என்பதால், உறையோடு அகற்ற நாள் குறித்திருந்தார்கள். அந்தப் பையன் வலி இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம்; தலை வாரிவிடும்போது அவர்தான் அதைக் கண்டிருக்கிறார்.