மறு: மறு: ட்ரீ ஸ்டாண்ட் – "மரநிலை" வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

ட்ரீ ஸ்டாண்டுக்கு, அதாவது வேட்டைக்காரர் உயரத்தில் காத்திருக்க மரத்தில் பொருத்தும் சிறு இருக்கை மேடைக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். "மரநிலை"க்கு ஆதரவு கூடுவதைப் பார்த்ததும் கை பொறுக்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மூன்று பருவமாக வில்லெடுத்துப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

> ஸ்டாண்ட் என்றால் நிலை. ஆகவே மரநிலை. இதில் என்ன சிக்கல்?

ஐயா, மரநிலை என்று தச்சரிடம் சொல்லிப் பாருங்கள், தேக்கா வேம்பா என்று கேட்பார். நிலை என்றால் நமக்கு வாசற்கால்தான். தவிர, இதில் ஏறியவர் நிற்பது அம்பு விடும் அந்த நிமிடம் மட்டும். மற்ற நேரமெல்லாம் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் இருப்பார்.

> வேட்டை மேடைக்கு இந்தியில் சொல்கிற மச்சான் என்றே எழுதலாமே, வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் காலத்திலிருந்து இருக்கிற சொல்தானே?

"விடியுமுன் மச்சான் மேல் ஏறி உட்கார்ந்தேன்" என்று தமிழில் எழுதினால் என் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் "மரமிசைச் சேணோன் இழைத்த புலியஞ்சு இதணம்" என்கிறார். உயரத்தில் இருக்கும் காவலன் மரத்தின் மேல் கட்டிய, புலியும் அஞ்சும் இதணம், அதாவது பரண். மலைபடுகடாம் இன்னும் நெருங்கி வருகிறது. "கழுதிற் சேணோன் ஏவொடு போகி" என்று ஒரு காட்டுப்பன்றி. பரண்மேல் இருந்தவன் எய்த அம்போடு ஓடி, வழியை விட்டு விலகிச் செத்துக் கிடக்கிறது. வில்வேட்டைக்காரர் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: அம்பு பட்ட மான் நின்ற இடத்தில் விழாது, ஓடும். உடனே இறங்கித் துரத்தாதே, அரை மணியாவது மேலேயே உட்கார்ந்திரு, பிறகு இரத்தத் தடம் பார்த்துப் போ. அந்தப் பன்றி எங்கே கிடந்தது என்று பாடிய புலவருக்கு இது தெரிந்திருக்கிறது.

ஆனாலும் இதணம், கழுது இரண்டையும் நான் பரிந்துரைக்கவில்லை. அகராதியைத் திறக்காமல் புரியவேண்டும். பரண் போதும். "வீட்டுப் பரணில் பழைய அண்டாதானே இருக்கும்" என்று ஒருவர் கேலி செய்திருந்தார். இருக்கட்டும். சோளக்காட்டிலும் தினைக்காட்டிலும் பன்றிக்கும் கிளிக்கும் காவலிருக்கக் கட்டுவதும் பரண்தானே?

> நம் ஊரில் மான் வேட்டையே குற்றம். எதற்கு இந்தச் சொல்?

உண்மை, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் நான் மொழிபெயர்ப்பது இங்கே வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகும் தமிழர் வீடுகளுக்கான ஒரு பாதுகாப்புத் தாள். இங்கே வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1 தொடங்குகிறது. அதற்குள் முடித்தாக வேண்டும். அதனால்தான் வகைப் பெயர்களில் கவனம் கேட்கிறேன்.

லேடர் ஸ்டாண்ட் ஏணிப்பரண், அதில் பேச்சில்லை. கிளைம்பர் என்பது இரண்டு துண்டு. மேல்துண்டை உயர்த்தி அதில் உடம்பைத் தாங்கிக்கொண்டு, கால் மாட்டிய கீழ்த்துண்டை இழுத்துக்கொள்ள வேண்டும். பனையேறி தளைநாரில் ஏறுகிற அதே தாளம். ஏறுபரண் எனலாம். கிளையில்லாத, நேரான, உயிருள்ள மரம் கிடைத்தால்தான் இது ஆகும்.

ஹேங்-ஆன் வகைக்கு "தொங்குபரண்" என்று வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தொங்கினால் ஆடும் என்று படிப்பவர் நினைப்பார். அது ஆடவே கூடாது. பரணை மரத்தோடு பிணைக்கும் நாடாப் பட்டையை இறுக்கி, மேலே ஒரு காலை வைத்து அமுக்கிப் பார்த்து, அசைவில்லை என்று தெரிந்த பிறகே முழு எடையையும் வைக்கவேண்டும். கட்டுப்பரண் என்பதே சரி. கட்டிய பட்டையை ஆண்டுதோறும் பார்க்கவேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே நினைவுக்கு வரும். வெயிலில் இற்றுப்போகும், மரம் பருத்து இழுக்கும். பெரியவர் போன வருடம் அவிழ்த்த பட்டையில் பாதி அகலம் இல்லை. அணில் கடித்தது.

எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது, விழுந்தால் தாங்கிப் பிடிக்க உடம்பில் மாட்டும் ஹார்னஸுக்கு வந்த இரண்டு சொற்கள். "சேணம்" சிரிப்புதான், குதிரைக்குப் போடுவது. "இடுப்புப் பட்டை" ஆபத்து. ஒற்றைப் பட்டையோடு விழுந்தால் அது நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும், இல்லை உடம்பு தலைகீழாக நழுவும். தோள், மார்பு, இரு தொடை எல்லாவற்றையும் சுற்றுவதுதான் இன்று ஏற்கப்படும் ஹார்னஸ். மெய்க்கச்சை என்று வைக்கிறேன். தாளில் முதல் வரி: "தரையில் கால் இருக்கும்போதே மெய்க்கச்சையைக் கயிற்றில் மாட்டு, திரும்பத் தரையில் கால் பட்ட பின் கழற்று." விழுகிறவர்களில் பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் காலை மாற்றும் அந்த ஓரடியிலும்தான்.

"வசதி என்ற பகுதியை வெட்டிவிடலாம், அது ஆடம்பரம்" என்ற கருத்துக்கும் ஒரு வார்த்தை. முதல் பருவத்தில் என் இருக்கை தாழ்வு. முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்க, ஒன்றரை மணியில் இடது கால் மரத்துப்போனது. பெட்டை மான் ஒன்று இருபது கஜத்தில் வந்து ஓக் காய் பொறுக்கியது. எழுந்தேன். கால் இருப்பதே தெரியவில்லை. முதுகுக் கயிறு வெடுக்கென்று இழுத்து நிறுத்தியபோதுதான் எவ்வளவு முன்னால் சாய்ந்துவிட்டேன் என்று புரிந்தது. மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இருக்கை உயரத்தைப் பாதுகாப்புப் பகுதியிலேயே சேர்க்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது. மேலே போய், மாட்டிக்கொண்டு, கீழே கிடக்கும் வில்லைக் கயிற்றால் மேலே எடுக்கவேண்டும். அந்தக் கயிறு, ஹால் லைன். என் வரைவில் "தூக்குக்கயிறு" என்று எழுதிவிட்டேன். வீட்டுக்காரம்மா படித்துவிட்டு, "பாதுகாப்புத் தாளா இது?" என்றார்.

---

தம்பி, வணக்கம்.

பரண், கட்டுப்பரண், ஏறுபரண் மூன்றுக்கும் என் வாக்கு. மெய்க்கச்சை கொஞ்சம் புலவர் வாடை, ஆனால் வேறு தோன்றவில்லை, போகட்டும்.

உங்கள் கயிற்றுக்கு: எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிணற்றில் தண்ணீர் "சேந்துவோம்". மேலே நின்றுகொண்டு, கீழே இருப்பதைக் கயிறு போட்டுக் கைமாற்றிக் கைமாற்றி எடுப்பது. நீங்கள் சொல்கிற வேலை அச்சாக அதுதான். சேந்துகயிறு.

---

அக்கா, சேந்துகயிறு! ஏற்றிவிட்டேன். அம்புமுனைக்கு மூடி போட்டபிறகே சேந்தவேண்டும் என்று அடுத்த வரியும் தானாக வந்துவிட்டது. ஏறி இறங்கும்போது மெய்க்கச்சையை மாட்டிக்கொள்ளும் கயிறு, லைஃப்லைன், பாக்கி. "உயிர்க்கயிறு" என்று வைத்திருக்கிறேன், யாராவது திட்டுங்கள்.