முன்னுரைக்கு இடம் விட்டு எழுதலாமா? மொரீஷியஸ் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் ஆங்கிலத்தில் எழுதும் ஜெனரல் பேப்பர் (பொதுத்தாள்) கட்டுரை குறித்து

மோக்கா ஆசிரியர்:
தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில் பெற்றோர் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. ஜெனரல் பேப்பரில் கட்டுரை எழுதும் பிள்ளைகள் தாளின் மேலே ஆறு வரிகளை வெறுமையாக விட்டுவிட்டு நேரே இரண்டாம் பத்தியைத் தொடங்க வேண்டுமாம். எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து அந்த ஆறு வரிகளில் முன்னுரையை நிரப்ப வேண்டுமாம். இதனால் பத்து நிமிடம் மிச்சமாகுமாம். படித்தவுடன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டுரைக்கான முதல் தாளுக்குக் கொடுக்கப்படும் நேரம் 75 நிமிடம். பத்துக் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து 600 முதல் 700 சொற்களுக்குள் எழுத வேண்டும், மதிப்பெண் 30. முன்னுரையை முதலில் எழுதினாலும் கடைசியில் எழுதினாலும் அதே எழுபது சொற்களைத்தானே எழுதியாக வேண்டும்? பிறகு அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து மிச்சமாகிறது? பள்ளி மாதிரித் தேர்வில் நான் திருத்திய தாள் ஒன்றில் மேலே ஆறு வரிகள் அப்படியே வெறுமையாகக் கிடந்தன. அதன்கீழ் முதல் சொல்லே ‘எனினும்’ என்று இருந்தது. எதற்கு எனினும்? மணி அடித்துவிட்டது, தாளை வாங்கிவிட்டார்கள். நல்ல கருத்துகள் கொண்ட பிள்ளை அவள். இந்தக் குறிப்பை எழுதியவர் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

வாக்வா மாணவன்:
ஐயா, அந்தக் குறிப்பை எழுதியவன் நான் இல்லை. ஆனால் அந்த முறையில் எழுதித் தேறியவன் நான். ஒரே ஒரு தாளில் மணி அடித்துவிட்டது என்பதற்காக முறையே தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். முதல் வரியில் சிக்கிக்கொண்ட பிள்ளைகளின் தாள்களையும் நீங்கள் திருத்தியிருப்பீர்களே, அவற்றைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை? தேர்வுக்கூடத்தில் என் பக்கத்து வரிசையில் இருந்த நண்பன் முன்னுரையை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தான். நான் இரண்டாம் பக்கத்துக்குப் போனபோது அவன் முதல் பத்தியை மூன்றாம் முறையாக அடித்துக்கொண்டிருந்தான். மிச்சமாவது எழுதும் நேரம் அல்ல, திகைத்து நிற்கும் நேரம். கட்டுரை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தபின் எழுதப்படும் முன்னுரைதான் கட்டுரைக்குப் பொருந்தும். எனக்கு மேலே விட்ட இடம் நிரம்பியது, போதாமலும் போகவில்லை.

மோக்கா ஆசிரியர்:
நிரம்பியது என்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆறு வரி என்பதை யார் அளந்து வைத்தார்கள்? பொடியாக எழுதும் பிள்ளை ஒரு வரியில் பன்னிரண்டு சொல் எழுதும், பெரிதாக எழுதும் பிள்ளைக்கு எட்டுச் சொல்லோடு வரி முடிந்துவிடும். எட்டு வீதம் ஆறு வரி என்றால் நாற்பத்தெட்டுச் சொல். மீதியை எங்கே எழுதுவது? ஓரத்திலா? கடைசியில் இடம் போதாமல் சொற்களை நெருக்கி, அம்புக்குறி போட்டு, திருத்துபவரை வலைவீசித் தேட வைப்பதா?

கட்டுரை எங்கே போகிறது என்று எழுதி முடித்தபின்தான் தெரியும் என்றால், அந்தப் பிள்ளை திட்டமே போடவில்லை என்று பொருள். பத்து நிமிடம் திட்டத்துக்கு, பத்து நிமிடம் படித்துப் பார்க்க என்று ஒதுக்கினால் எழுத 55 நிமிடம் இருக்கிறது. 650 சொல்லுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் போதும், அந்த வேகத்தில் முன்னுரை ஆறு நிமிட வேலை. திட்டம் போட்ட பிள்ளைக்குத் தன் முடிவு முன்பே தெரியும். அவள் எதற்காக ஆறு வரி விட வேண்டும்?

பிரெஞ்சு வகுப்பு:
இரு தரப்பும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். நம் பிள்ளைகள் ‘திசெர்த்தாசியோன்’ என்ற பிரெஞ்சு வாதக் கட்டுரை எழுதப் பழகியவர்கள். அதில் முன்னுரைக்கு உறுதியான மூன்று படிகள் உண்டு: பொருளுக்கு வாசகரை அழைத்து வருவது, சிக்கலைக் கேள்வியாக வைப்பது, கட்டுரையின் அமைப்பை அறிவிப்பது. அந்த முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் ‘ப்ரூயோன்’ எனும் வரைவுத் தாளில் முழுமையாக எழுதிவிட்டு, பிறகுதான் விடைத்தாளில் படியெடுப்போம். இடம் விடும் கேள்வியே எழாது. இவ்வளவு ஒழுங்கான முறை கையில் இருக்கும்போது வெறும் வரிகளுக்காக ஏன் இந்தச் சண்டை?

வாக்வா மாணவன்:
அக்கா, பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயாவின் தத்துவத் தாளுக்கு நான்கு மணி நேரம் கொடுக்கிறார்கள். நான்கு மணி நேரம் கொடுத்தால் நானும் ப்ரூயோனில் எழுதி, அழகாகப் படியெடுத்து, அடிக்கோடும் போட்டுத் தருவேன். இங்கே இருப்பது 75 நிமிடம். எழுபது சொல்லை இரண்டு முறை எழுதச் சொல்கிறீர்கள். ஐயாவின் கணக்குப்படி அது பன்னிரண்டு நிமிடம். ‘முதலில் இதைப் பார்ப்போம், அடுத்து அதைப் பார்ப்போம்’ என்று அறிவிக்கும் முன்னுரை வாதத்தை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை.

பிரெஞ்சு வகுப்பு:
அறிவிப்பை மோசமாக எழுதும் பிள்ளையை வைத்து முறையைக் குறை சொல்லாதீர்கள். சற்று முன்பு ஐயாவிடம் ஒரு தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றவர் நீங்கள்தான்.

மோக்கா ஆசிரியர்:
படியெடுக்க நேரம் இல்லை என்பதில் தம்பி சொல்வது சரிதான். ஆனால் அது என் கேள்விக்கு விடை ஆகாது. 2019-இல் இன்றைய பாடத்திட்டம் வருவதற்கு முன்பு இரண்டு மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள், ஒவ்வொன்றும் 500 முதல் 800 சொல். ஒரு கட்டுரைக்கு அறுபது நிமிடம்தான். என் வகுப்பில் எவரும் தாளில் இடம் விட்டதில்லை. திட்டம், முன்னுரை, உடல், முடிவு என்று நேரே போவார்கள். அன்று அறுபது நிமிடத்தில் முடிந்தது இன்று எழுபத்தைந்தில் முடியவில்லை என்றால் குறை நேரத்தில் இல்லை. பிள்ளைகளுக்குக் குறுக்குவழி விற்கும் டியூஷன்காரர்களிடம் இருக்கிறது.

ரோஸ்ஹில் தாய்:
வணக்கம். என் மகள் இந்த ஆண்டு எழுதுகிறாள். நீங்கள் மூவரும் முன்னுரை என்று சொல்வது ஒன்றையே தானா? தமிழ் வகுப்பில் ஒரு குறளைக் காட்டித் தொடங்கச் சொல்கிறார்கள். பிரெஞ்சு வகுப்பில் அக்கா சொன்ன மூன்று படிகளைச் சொல்கிறார்கள். ஜெனரல் பேப்பர் ஆசிரியரோ முதல் பத்தியிலேயே உன் நிலைப்பாட்டைச் சொல் என்கிறார். அவள் நேற்று இரவு ஜெனரல் பேப்பர் கட்டுரை ஒன்றைக் குறளின் ஆங்கில மொழிபெயர்ப்போடு தொடங்கியிருந்தாள். பாதிப் பக்கம் அதற்கான விளக்கத்திலேயே போய்விட்டது. எது முன்னுரை என்று யாராவது முதலில் சொன்னால், அதற்கு எத்தனை நிமிடம் என்று நானும் புரிந்துகொள்வேன். டியூஷனைப் பற்றி ஐயா சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. சனிக்கிழமைதோறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது ஆசைக்காக அல்ல. வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளையில் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தர ஆள் இல்லாததால்தான்.

மோக்கா ஆசிரியர்:
அம்மா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குறளைப் பற்றி நீங்கள் சொன்னதை விட முடியாது. தமிழ்க் கட்டுரையில் குறள் பொருந்தி வந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. அதை ஜெனரல் பேப்பருக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னவர் யார்? ஜெனரல் பேப்பரில் முன்னுரைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. செய்தியைத் தேர்ந்து பயன்படுத்துவது, ஆராய்ந்து மதிப்பிடுவது, தெளிவாக எழுதுவது என்ற மூன்றையும் கட்டுரை முழுவதும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், தொடக்கத்தில் வெறுமையாக விட்டு வரும் பிள்ளை தன் வாதத்துக்கு அடிப்படையே இல்லாமல் எழுதத் தொடங்குகிறது.

வாக்வா மாணவன்:
முன்னுரைக்குத் தனி மதிப்பெண் இல்லை என்று நீங்களே எழுதியபின் எனக்கு வேறு சான்று எதற்கு? தனி மதிப்பெண் இல்லாத ஒன்றுக்காகத் தொடக்கத்திலேயே பிள்ளை ஏன் வியர்க்க வேண்டும்? மதிப்பெண் தரும் வாதத்தை முதலில் எழுதிவிடட்டும்.

அம்மா சொன்ன பாதிப் பக்கக் குறள் விளக்கம் எப்படி வந்தது? முன்னுரையை முதலில் எழுத உட்கார்ந்ததால் வந்தது. வாதத்தை முதலில் எழுதியிருந்தால் அந்தக் குறளுக்கு இடமே இருந்திருக்காது. இன்னொன்றும் சொல்கிறேன்: பழைய தாள் எழுதியவர்கள் எல்லாம் உயர்ந்தவர்கள், நாங்கள் எல்லாம் டியூஷன் பிள்ளைகள் என்ற பேச்சை நிறுத்துங்கள் ஐயா. இந்தப் பேச்சை நாங்கள் பள்ளியிலேயே போதும் போதும் என்று கேட்டுவிட்டோம்.

பிரெஞ்சு வகுப்பு:
அம்மா கேட்ட கேள்விக்கு இருவருமே விடை சொல்லவில்லை. அவருக்காக மறுபடியும் சொல்கிறேன்: மூன்று படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், மூன்றே வாக்கியத்தில் முன்னுரை முடியும்.

மோக்கா ஆசிரியர்:
மூன்று வாக்கியத்தில் முடியும் முன்னுரையை முதலிலேயே எழுதிவிடலாமே, அதைத்தானே நானும் சொல்கிறேன்? தம்பி இவ்வளவு எழுதியும் ஒன்றுக்கு மட்டும் விடை தரவில்லை. நீங்கள் கேட்டபடியே அந்தப் பேச்சை விடுகிறேன். நீங்கள் விட்டது ஆறு வரியா, எட்டு வரியா? எழுதி முடிக்கும் முன் மணி அடித்தால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? முடிவுரை இல்லாத தாளைத் திருத்துபவர் நேரம் போதவில்லை என்று புரிந்துகொள்வார். தலை இல்லாத தாளை என்னவென்று புரிந்துகொள்வார்?

வாக்வா மாணவன்:
நான் ஏழு வரி விட்டேன் ஐயா. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கே இருந்தாலும் நிறுத்திவிட்டு மேலே போக வேண்டும். அந்தக் குறிப்பின் கடைசி வரியும் அதைத்தான் சொல்கிறது. நீங்கள் அதை இங்கே எடுத்துப் போடவில்லை.

மோக்கா ஆசிரியர்:
என்னிடம் வந்த குறிப்பில் அப்படி ஒரு வரி இல்லை. ஆறு வரி என்றுதான் இருந்தது. இப்போது ஏழு ஆகிவிட்டது.