வாடகை வீட்டில் கரப்பான் தொல்லை, ஓனர் கையை விரிக்கிறார். என்ன செய்யலாம்?

இரண்டாம்மாடி:

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் ஒரு பழைய அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடிக்குக் குடிவந்து இரண்டரை மாதம் ஆகிறது. வீடு பார்க்கப் போனது பகல் பதினொரு மணிக்கு. புதிதாக வெள்ளையடித்து வைத்திருந்தார்கள், எல்லாம் பளிச்சென்று இருந்தது. சாமான் இறக்கிய அன்று ராத்திரி குழந்தைக்குப் பால் காய்ச்ச எழுந்து கிச்சன் லைட்டைப் போட்டால், அடுப்பு மேடை முழுக்கச் சின்னச் சின்ன கரப்பான்கள். வெளிச்சம் பட்டதும் பாதி ஸ்விட்ச் போர்டு இடுக்குக்குள் போய்விட்டன, மீதி சிங்க்குக்கு அடியில்.

அன்றிலிருந்து நான் செய்யாதது இல்லை. கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே மூன்று டப்பா தீர்ந்துவிட்டது, சாக்பீஸ் கோடு போட்டேன், அந்துருண்டை வைத்தேன், பிரியாணி இலை கசக்கிப் போட்டேன். ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாள் குறைகிறது, மூன்றாவது நாள் பெட்ரூம் அலமாரியில் வருகிறது. போன வாரம் மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், அடியில் இருந்த காற்றுத் துளைகள் வழியாக ஆறேழு விழுந்தன. அதற்கப்புறம் அதில் சட்னி அரைக்கவே மனசு வரவில்லை.

ஓனரிடம் சொன்னேன். "முன்னாடி இருந்தவங்க எதுவும் சொல்லலையே, நீங்க வந்த பிறகுதான் வருது, நீங்கதான் பார்த்துக்கணும்" என்கிறார். கீழே தரைத்தளத்தில் ஒரு மெஸ் இருக்கிறது, அதைச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை. குழந்தைக்கு ஒன்பது மாதம், தவழ்கிற வயசு, கீழே கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறாள், அதனால் கண்ட மருந்தைப் போடவும் பயமாக இருக்கிறது.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டால் யார் காசு கொடுக்க வேண்டும்? காலி செய்யும்போது இதைச் சொல்லி அட்வான்ஸில் பிடிப்பார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேறு வீடு பார்த்துப் போனால் இதுவும் கூடவே வந்துவிடுமா?

செல்வி_மடிப்பாக்கம்:

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு நாலு வருஷம் முன்னாடி இருந்த வீடு ஞாபகம் வந்துவிட்டது. முதலில் ஒன்று சொல்கிறேன், இது உன் சுத்தக் குறைவால் வந்தது இல்லை. அந்த எண்ணத்தை விடு. இரண்டரை மாதத்தில், அதுவும் முதல் ராத்திரியே மேடை நிறைய வந்தது என்றால் அது உனக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்த கூட்டம்.

நீ பார்ப்பது எந்தக் கரப்பான் என்று தெரிந்துகொள். விரல் நக அளவில், ஒன்றரை சென்டிமீட்டருக்குள், இளம் பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். அது சாக்கடையிலிருந்து வருவது இல்லை, வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்வது. ஈரமும் சூடும் இருக்கிற இடம் அதற்கு வேண்டும், அதனால்தான் ஃபிரிட்ஜ் மோட்டார், மிக்ஸி, ஸ்விட்ச் போர்டு, கேஸ் அடுப்பின் அடி. பெரிதாகச் செம்பழுப்பில், சில சமயம் பறந்து வருமே, பாத்ரூமில், மழைக்காலத்தில் அதிகம், அது வேறு ஜாதி. அதற்கு டிரெயின் மேல் நல்ல ஜாலி (ஓட்டை ஓட்டையான சல்லடை மூடி) போட்டு மூடினாலே பாதி குறையும்.

இந்தச் சின்னதுக்கு ஸ்ப்ரே அடிக்காதே. எதிரில் இருக்கிற நாலு சாகும், மிச்சம் சிதறிப் பக்கத்து ரூமுக்குப் போகும். உன் பெட்ரூம் அலமாரிக்கு வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். பெண் கரப்பான் முட்டைக் கூட்டை வயிற்றுக்குப் பின்னாலேயே சுமந்துகொண்டு திரியும், பழுப்பு நிறத்தில் சின்ன பர்ஸ் மாதிரி இருக்கும். ஒரு கூட்டில் முப்பது நாற்பது முட்டை, பொரிக்கிற சமயத்தில்தான் கீழே விடும். மருந்து அந்தக் கூட்டுக்குள் போகாது. அதனால் ஒரே தடவையில் தீர்ந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

எனக்குப் பலன் கொடுத்தது கரப்பானுக்கு வைக்கிற ஜெல் மருந்து. ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரியே வரும், அட்டையில் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், இண்டாக்சகார்ப் இதில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும். மிளகில் பாதி அளவுக்குப் பொட்டு பொட்டாக வைக்க வேண்டும். கோடு போல இழுக்கக்கூடாது. கேபினட் கதவின் கீல், இழுப்பறை ஓடுகிற தடத்தின் மேல்பக்கம், சிங்க்குக்கு அடியில் பைப் சுவருக்குள் போகிற இடம், ஃபிரிட்ஜின் பின்புறம் கீழே. குழந்தை கை எட்டாத இடமாகவே பார்த்து வைக்கலாம், நிறைய இடம் இருக்கிறது. தரையில் மட்டும் வைக்காதே.

ஜெல் வைத்தால் அந்தப் பக்கம் ஸ்ப்ரே, ஃபினாயில், சாக்பீஸ் எதுவும் கூடாது. அந்த வாசனை பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. நீ மூன்று டப்பா அடித்திருக்கிறாய், அதனால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, அப்புறம் வை. தின்றது உடனே சாகாது, தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் செத்துக் கிடக்கும், அதன் கழிவையும் அதையுமே தின்று மற்றதும் சாகும். நான் வைத்த முதல் வாரம் பகலிலேயே தள்ளாடிக்கொண்டு நிறைய வெளியே வந்தன, பயந்துவிட்டேன், ஆனால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பதினைந்தாம் நாள் மறுபடி வைத்தேன், ஒரு மாதம் கழித்து மூன்றாவது தடவை. அதற்கப்புறம் இல்லை.

ராத்திரி படுக்கும் முன் சிங்க்கைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் விடு. சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் அதற்கு முக்கியம், தண்ணீர் இல்லாமல் அதிக நாள் தாங்காது.

முன்னாள்_பெஸ்ட்கன்ட்ரோல்:

செல்வி அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் ஒன்பது வருஷம் இந்த வேலையில் இருந்தவன், அதனால் ஆளைக் கூப்பிடுவது பற்றிச் சொல்கிறேன்.

போனில் பேசும்போதே "கரப்பானுக்கு என்ன மருந்து வைப்பீர்கள், மருந்து அட்டையை நான் பார்க்கலாமா" என்று கேளுங்கள். ஜெல் என்றால் சரி. "ஸ்ட்ராங் மருந்து சார், ஒரே அடி" என்று மட்டும் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். காசுக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வேளாண்மைத் துறை தருகிற லைசென்ஸ் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் தப்பே இல்லை, ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். பில்லில் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள், குழந்தைக்கு ஏதாவது என்றால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டில் மீன் தொட்டியோ பூனையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், பைரித்ராய்டு என்கிற பூச்சிமருந்து வகை ஸ்ப்ரே மனிதனைவிட அதுகளுக்கு மோசம்.

இன்னொன்று, இதை எழுதத்தான் முக்கியமாக வந்தேன். கீழே மெஸ் இருக்கிறது என்கிறீர்கள், நாளைக்கு எலியும் வரலாம். எலிக்காக வீட்டுக்குள் மாத்திரை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தானியக் கிடங்கில் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றில் இருக்கிற ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. ஆள் புழங்கும் வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் என்ன நடந்தது என்று எல்லோரும் படித்தோம். எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ராத்திரி தூங்கிய குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள், அப்பா அம்மா ஆஸ்பத்திரியில். அந்தச் செய்தி வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. எலிக்கு எலிக்கூண்டு போதும், உள்ளே ஒரு துண்டு மசால்வடையோ கருவாடோ வையுங்கள். அதோடு ஓட்டையை அடையுங்கள். கட்டை விரல் நுழைகிற ஓட்டை இருந்தால் எலி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கடிக்காது.

வீடு மாறினால் கூட வருமா என்று கேட்டீர்கள். வரும். அட்டைப்பெட்டி மடிப்பிலும் ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாட்டர் ஃபில்டர், மைக்ரோவேவ் உள்ளேயும்தான் வரும். அதனால் இங்கேயே ஒழித்துவிட்டுப் போவதுதான் நல்லது. மளிகைக்கடை அட்டைப்பெட்டியில் சாமான் கட்டாதீர்கள்.

மதுரைக்காரர்:

நான் வீட்டு ஓனர். மதுரையில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், மகன் சென்னையில் வாடகைக்கு இருக்கிறான், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது, 2017-இல் இயற்றியது. எந்த ரிப்பேர் யாருடையது என்று அதில் ஒரு அட்டவணையே உண்டு. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் கணக்கு. குழாய் வாஷர், டிரெயின் சுத்தம், கொசுவலை மாற்றுவது இதெல்லாம் குடியிருப்பவர் கணக்கு. பூச்சி மருந்து என்று தனியாக அதில் இல்லை. அதனால் உங்கள் அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

பேசுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். "கரப்பான் வருது சார்" என்றால் எந்த ஓனரும் உங்கள் கிச்சனைத்தான் குறை சொல்வார். அதற்குப் பதிலாக அது வருகிற வழியைக் காட்டுங்கள். சிங்க் பைப்பைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா, பாத்ரூம் பைப் சாஃப்ட் (மாடிக்கு மாடி பைப்கள் இறங்குகிற சந்து) பக்கம் சுவரில் விரிசல் இருக்கிறதா, கேபினட் அடிப்பலகை ஊறிப்போய் இருக்கிறதா, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் தேதியோடு அனுப்புங்கள். அது கட்டடப் பழுது, அவருடைய சொத்து கெடுகிற விஷயம், அதற்குக் காது கொடுப்பார். கதவு நிலையில் மண் கோடு போல கரையான் ஏறியிருந்தால் அதையும் விடாதீர்கள், அது அவர் மரம். எனக்கு ஒரு குடித்தனக்காரர் அப்படிப் போட்டோ அனுப்பித்தான் ஒரு நிலைக்கதவையே காப்பாற்றினேன், இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன்.

அட்வான்ஸ் பயமும் அந்த மெசேஜாலேயே குறையும். குடிவந்த புதிதிலேயே எழுத்தில் சொல்லியிருந்தால், காலி செய்யும்போது உங்களால் வந்தது என்று அவர் சொல்வது கஷ்டம். இப்போதாவது அனுப்புங்கள், இரண்டரை மாதம் ஒன்றும் தாமதமில்லை. அப்புறம், செலவில் பாதிப் பாதி என்று நீங்களே முதலில் கேளுங்கள். நான் ஓனராகச் சொல்கிறேன், பாதி என்று கேட்டால் மறுக்க மனசு வராது.

இரண்டாம்மாடி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

செல்வி அக்கா, இரண்டு கறுப்புக் கோடு இருக்கிறது, அதேதான். சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பைப் சுவருக்குள் போகிற இடத்தில் என் மூன்று விரல் போகிற அளவுக்கு ஓட்டை, உள்ளே மிளகாய்த்தூள் கொட்டியது போலக் கறுப்பு கறுப்பாகக் கழிவு. பின்னால்தான் பைப் சாஃப்ட், அது நேராகக் கீழே மெஸ் கிச்சன் வரை போகிறது. அதை வீடியோ எடுத்து மதுரை ஐயா சொன்னபடியே தேதியோடு அனுப்பினேன். ஓனர் அன்று பதில் போடவில்லை. மறுநாள் சாயங்காலம் பிளம்பரோடு அவரே வந்துவிட்டார். பைப்பைச் சுற்றி சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே எம்-சீல் பூசினார்கள். பாத்ரூமில் உடைந்திருந்த ஜாலியையும் மாற்றிக் கொடுத்தார். மருந்துச் செலவு பாதிக்குச் சரி என்றார், ஆனால் ஆளைக் கூப்பிடாமல் நானே ஜெல் வாங்கி வைத்தேன், அதனால் பெரிய தொகை ஆகவில்லை, கேட்கவும் இல்லை.

முதல் நாலு நாள் தினமும் காலையில் பத்துப் பதினைந்து செத்துக் கிடந்தன. குழந்தை எழுவதற்கு முன்னால் பெருக்கித் துடைத்துவிடுவேன். இப்போது ராத்திரி லைட் போட்டால் ஒன்றிரண்டு, அதுவும் குட்டி. நேற்று இரண்டாவது தடவை ஜெல் வைத்தேன்.

மிக்ஸிதான் இன்னும் புரியவில்லை. அதை எப்படிச் சுத்தம் செய்வது?

செல்வி_மடிப்பாக்கம்:

குட்டி மட்டும் வருகிறது என்றால் பழைய கூட்டில் இருந்த முட்டை பொரித்தது, மூன்றாவது தடவை வைத்ததும் அடங்கிவிடும்.

மிக்ஸிக்குள் மருந்து எதுவும் அடிக்காதே, மோட்டார் கெடும், நீ அரைக்கிறதிலும் கலக்கும். பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் மூடியில் ஜெல் பொட்டு வைத்து, குழந்தை எட்டாத லாஃப்டில் பத்து நாள் வைத்துவிடு. அப்புறம் சர்வீஸ் கடையில் கொடுத்து அடி மூடியைக் கழற்றி ஊதித் தரச் சொல். அதுவரைக்கும் சட்னிக்கு அம்மி இருந்தால் பார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேள்.