சம்பங்கி என்று வாங்கியது, வேறாகப் பூத்தது

அழகர்கோயில் சாலையில் ஒரு நர்சரியில் சம்பங்கி என்று சொல்லிக் கொடுத்த நாலு கன்றை இரண்டு வருடம் வளர்த்தேன். இலை பட்டையாக, பளபளவென்று வந்ததே தவிர பூவைக் காணோம், சத்து போதவில்லையோ என்று தொழுவுரம், கடலைப் பிண்ணாக்கு எல்லாம் போட்டுப் பார்த்தேன். போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் தண்டு கிளம்பி, உச்சியில் மட்டும் கொத்தாகப் பூத்தது. ஆறு வெள்ளை இதழும் சிலந்திக்கால் மாதிரி மெலிந்து தொங்க, நடுவில் மகரந்தக் காம்புகளைச் சேர்த்துப் பிடித்தபடி காகிதம் போல ஒரு கிண்ணம். வாசனை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது ஸ்பைடர் லில்லி.

நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கி போட்டிருக்கும் சித்தப்பா ஒரு தூரைப் பிடுங்கியே காட்டினார். இலை புல் மாதிரி ஒல்லி, நடுவில் வாய்க்கால் போலக் குழிவு, அடிப்பக்கம் லேசான சிவப்பு. மொட்டு தண்டு நெடுக இருக்கும், கீழிருந்து மேலாக விரியும். இதைப் பார்த்த பிறகு இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

மேலூரில் அம்மா வீட்டு வாய்க்கால் ஓரம் நிற்பது விஷமூங்கில். அதுவும் ஸ்பைடர் லில்லியும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். விஷமூங்கிலுக்கு இலையடிகள் ஒன்றையொன்று சுற்றி வாழை மாதிரி தண்டு கட்டும், இலையும் நாலு விரல் அகலம், பூவில் கிண்ணம் கிடையாது.

அப்புறம் ரெயின் லில்லி. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொட்டி மாற்றும்போது எடுத்த கிழங்குகளைத் தட்டில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டேன், அத்தை சின்ன வெங்காயம் என்று நாலைந்து உரித்துவிட்டார்கள். அதே பழுப்புத் தோல், அதே அளவு. "என்னம்மா, கண்ணே எரியல, வாசனையும் இல்ல" என்று கேட்டதால் தப்பித்தோம். சாம்பாரில் விழுந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாந்திதான். வெங்காயத்துக்கு இது உறவுக்காரச் செடிதான், ஆனால் ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி, விஷமூங்கில் மூன்றிலும் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. குழந்தைகள், ஆடு மாடு இருக்கும் வீட்டில் கவனம்.

இப்போது கிழங்கை எல்லாம் மாடியில் பழைய பெயின்ட் டப்பாவில் வைக்கிறேன். எதிர்வீட்டு அக்கா போன வாரம் ஸ்பைடர் லில்லியில் ஒரு கன்று கேட்டார்கள், பெயரை எழுதி ஒட்டித்தான் கொடுத்தேன்.