முதலாம் தரத்தில் தினமும் ஒரு கூத்து: சிரிக்கலாமா, கண்டிக்க வேண்டுமா?

வெண்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்வியியற் கல்லூரிப் படிப்பை முடித்து இந்த ஆண்டுதான் முதல் நியமனம் கிடைத்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானில் இருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறைவு என்பதால் முதலாம் தரமும் இரண்டாம் தரமும் ஒரே மண்டபத்தில், இரண்டுக்கும் நான்தான். எனக்குப் பிள்ளைகளை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் பாடக்குறிப்பில் எழுதியது ஒன்று, வகுப்பில் நடப்பது வேறொன்று.

போன கிழமை களிமண் செயற்பாடு வைத்திருந்தேன். ஒரு பிள்ளையின் அப்பா வாளி நிறையக் குளத்துக் களி கொண்டுவந்து தந்தார். உருண்டை, தட்டை, நீளம் என்று உருவங்கள் செய்ய வைப்பதுதான் நோக்கம், கொஞ்ச நேரம் அப்படித்தான் போனது. பிறகு ஒருத்தி களியில் ரொட்டி தட்டத் தொடங்கினாள், பக்கத்தில் இருந்தவன் ரொட்டிக்குச் சம்பல் வேண்டும் என்று வெளியே ஓடிப்போய்ச் செங்கல் தூள் அள்ளிக்கொண்டு வந்தான், அப்புறம் வாங்கை இழுத்துப் போட்டுக் கடையே திறந்துவிட்டார்கள், காசுக்கு நான் எண்ணப் படிப்பிக்க வைத்திருந்த புளியங்கொட்டை. அந்தப் பக்கம் கணக்குச் செய்துகொண்டிருந்த இரண்டாம் தரம் முழுவதும் கொப்பியை மூடிவிட்டு வரிசையில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து அதிபர் உள்ளே வந்தார். கடைக்காரி ஓடிப்போய் அவருடைய கையில் ஈரக் களியை வைத்து, "சேர், சுடச்சுட ரொட்டி" என்றாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் "எவ்வளவு பிள்ளை?" என்று கேட்டார். "மற்ற ஆக்களுக்கு நூறு ரூபா, உங்களுக்குச் சும்மா" என்றாளே பார்க்கலாம், நான் திரும்பி நின்று கரும்பலகையைத் துடைக்கிற மாதிரிச் சிரித்தேன்.

இப்போது என் கேள்விகள். இப்படி நடக்கும்போது பிள்ளைகளுக்கு முன்னால் சிரிக்கலாமா, கட்டுப்பாடு போய்விடாதா? வகுப்பிலேயே காற்சட்டையை நனைத்துவிடுகிற, சத்தி எடுக்கிற பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வெள்ளை உடுப்பெல்லாம் களி என்று வீட்டில் இருந்து முறைப்பாடும் வந்துவிட்டது, அதற்கு என்ன பதில் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

முள்ளியவளை அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் பிள்ளையின் மனதில் நிற்கிற விஷயம். புதுப் பிள்ளைகளை முதலாம் தரத்துக்கு வரவேற்கிற கால்கோள் விழா முடிந்து வருகிற முதல் கிழமைகளில் இது நடந்தே தீரும். அதில் பிள்ளையின் பிழை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கப் பள்ளிக்கூடங்களில் மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கும், போகிற வழியில் பற்றை, மாரி காலத்தில் வெள்ளம், பாம்பு என்று வீட்டில் சொல்லிப் பயப்படுத்தியும் இருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை தனியாக அவ்வளவு தூரம் போகப் பயந்து அடக்கிக்கொண்டு இருக்கும், கேட்கவும் வெட்கப்படும். நான் காலைக்கூட்டம் முடிந்தவுடன் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை என்று முழு வகுப்பையும் ரெயில் விட்டுக் கூட்டிக்கொண்டு போவேன். வழியிலேயே ஒரு பாட்டும் படிப்போம். அதைத் தொடங்கிய பிறகு நனைவது நன்றாகக் குறைந்தது.

அப்படியும் நடந்தால், மற்றவர்களை உடனே வேப்பமரத்தடிக்கு இலை பொறுக்க அனுப்பிவிடுங்கள். "ஆர் பெரிய இலை கொண்டாறது பாப்பம்" என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அலுமாரியில் ஒரு பெட்டி வையுங்கள்: பழைய காற்சட்டை, பாவாடை, ஒரு துவாய், சவர்க்காரம், ஒரு பை சாம்பல் அல்லது மணல். சத்தி எடுத்தால் அதன்மேல் மணலைப் போட்டு அள்ளினால் மணமும் பரவாது. பெட்டிக்கு உடுப்புக் கேட்டால் தாய்மார் சந்தோசமாகத் தருவார்கள்.

சிரிக்கலாமா என்றால், களி ரொட்டிக்கு வயிறு நோகச் சிரியுங்கள். ஆனால் நனைத்த பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்க விடவே கூடாது. எங்களுடைய கிராமங்களில் முதலாம் தரத்தில் வைத்த பட்டப்பெயர் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் கூட வரும். அப்படி ஒரு பெயரால் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும்.

பரந்தன் பெடியன் எழுதியது:

அக்கா அந்த ரொட்டிக் கடையை வீடியோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால் போடுங்கோ, ஊரே பார்க்கும்!

முள்ளியவளை அக்கா எழுதியது:

தம்பி, ஆசையில் கேட்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் பிள்ளைகளின் முகத்தை இணையத்தில் போட வேண்டாம். இன்றைக்கு ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும், அந்த வீடியோ அந்தப் பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனபிறகும் கிடக்கும். தாய் தகப்பனைக் கேட்காமல் எடுப்பதே சரியில்லை. இங்கே பெயர் இல்லாமல் எழுத்தில் சொன்னதே எங்களுக்குப் போதும்.

பாலையடி எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவிப் பக்கம். பிள்ளை, நீ தாராளமாகச் சிரி. ஆசிரியர் சிரித்தால் கட்டுப்பாடு போய்விடும் என்று சொல்லித்தான் எங்களையும் பயப்படுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் செய்வதில் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிற ஆசிரியரிடம்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.

போர் முடிந்து, 2010இல் மீள்குடியேறி வந்த நேரம், கட்டடம் இல்லை, தகரக் கொட்டிலிலும் மரத்தடியிலும்தான் வகுப்பு. சுற்றுமதிலும் கிடையாது. ஒரு நாள் சித்திரம் கீறிய தாள்களைக் காய வைத்திருந்தோம், மாடு ஒன்று வந்து ஒரு பெடியனின் தாளை மட்டும் இழுத்துச் சப்பிவிட்டது. அவன் அழப்போகிறான் என்று நான் ஓடினால், அவன் மற்றவர்களைக் கூப்பிட்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான்: "நான் புல்லுக் கீறினனான். மாடு உண்மைப் புல்லெண்டு நினைச்சுத் திண்டிட்டுது." மற்றப் பிள்ளைகளெல்லாம் உடனே தங்கள் தாளில் பச்சையாகப் புல் கீறி மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினார்கள். கூடாரமும் கொட்டிலுமாகக் கிடந்த அந்த நாட்களில் எங்களை நிமிர்த்தி வைத்தது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். அதை நான் எங்கேயும் சொல்வேன்.

இன்னொன்று இல்ல மெய்வல்லுநர் போட்டியில். சின்னவர்களுக்குப் பணிஸ் சாப்பிட்டு ஓடுகிற போட்டி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொங்குகிற பணிஸைக் கடித்துத் தின்றுவிட்டு ஓட வேண்டும். எல்லாரும் பாதியைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் கயிற்றடியில் நின்று ஆறுதலாக மென்றுகொண்டே நிற்கிறாள். தாய் கத்துகிறா, ஒலிபெருக்கியில் நானும் கத்துகிறேன், அவள் அசையவில்லை. முழுவதும் விழுங்கி, தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் ஓடினாள். கேட்டால், "வாயில சாப்பாட்டோட ஓடக்கூடாதெண்டு ரீச்சர் சொன்னவா." படிப்பித்ததை அப்படியே செய்த பிள்ளை அவள் ஒருத்திதான். அவளுக்கும் ஒரு பரிசு கொடுக்க வைத்தேன்.

அப்புறம் ஒரு விஷயம். காலையில் "வீட்டில் நேற்று என்ன நடந்தது" என்று கேட்டால் பிள்ளைகள் ஒளிவு மறைவு இல்லாமல் கொட்டுவார்கள். அம்மா அப்பம்மாவோடு கோபம், அப்பா ஆருக்கோ காசு கொடுக்க வேண்டும், எல்லாம் வரும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆசிரியர் ஓய்வறைக்குப் போகக் கூடாது. பிள்ளை உன்னை நம்பிச் சொன்னது.

தாதி கிளிநொச்சி எழுதியது:

புளியங்கொட்டை என்று கண்டவுடன் எழுத வேண்டும் என்று தோன்றியது. எண்ணப் படிப்பிக்க நல்ல பொருள்தான், ஆனால் இந்த வயதில் கொட்டை மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகிறது. ஏன் போட்டாய் என்றால் "போகுமோ எண்டு பாத்தனான்" என்பார்கள். மூக்கில் போனால் ஊக்கு, ஈர்க்கு எதையும் விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். வாயால் மூச்சு எடுக்கச் சொல்லி, அடைபடாத மற்ற மூக்குத் துவாரத்தை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், வித்துகள் ஈரத்தில் ஊதும், அதனால் நாளைக்குப் பார்ப்போம் என்று விட வேண்டாம். விளையாட்டுப் பொருளில் இருக்கிற பொத்தான் மாதிரியான சின்னப் பற்றரி மூக்கிலோ தொண்டையிலோ போனால் ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது, அது சில மணித்தியாலத்திலேயே உள்ளே எரித்துப் புண்ணாக்கிவிடும். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

குன்றிமணியை மட்டும் வகுப்புக்குள் எடுக்கவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக வடிவாக இருக்கிறது என்று பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வருவார்கள், கடித்து உடைத்து விழுங்கினால் கடும் நஞ்சு. எண்ணுவதற்குச் சோடா மூடி நல்லது, மூக்குக்குள் போகாது, கழுவவும் சுகம்.

சுற்றாடல் உலா கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலா முடிந்து வந்தவுடன் பிள்ளைகளின் பொக்கற்றைப் பாருங்கள். தும்பி, வண்டு, பாலைப்பழம், நத்தை எல்லாம் இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் எங்களுடைய மண்ணில் இன்னும் வெடிபொருள் அகற்றி முடியாத இடங்கள் இருக்கின்றன. போகிற பாதையை ஊர் ஆட்களிடம் கேட்டு, முதலில் நீங்கள் நடந்து பார்த்துவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள். தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் வந்து சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

வெண்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மலசலகூட ரெயில் நாளைக்கே தொடங்குகிறேன், புளியங்கொட்டையை எடுத்துவிட்டுச் சோடா மூடி சேர்க்கப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன். பாலையடி சேர், மாட்டுக் கதையை எங்கள் அதிபருக்கும் வாசித்துக் காட்டினேன், அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். உடுப்பு விஷயத்துக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. களி வேலையை நிறுத்த எனக்கு மனமில்லை, அந்தக் கடையில்தான் என் வகுப்பில் பேசாமலே இருந்த பிள்ளை ஒன்று முதல்முதலாக வாய் திறந்து "மிச்சக் காசு தா" என்று கேட்டது.

துணுக்காய் அம்மா எழுதியது:

ரீச்சர், நான் படிப்பிக்கிற ஆள் இல்லை, முதலாம் தரத்தில் ஒரு மகனை வைத்திருக்கிற தாய். களி பட்ட உடுப்பை ஈரத்தோடு கசக்கினால் கறை நூலுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துவிட்டு, பிறகு சவர்க்காரம் போட்டு ஊறவைத்தால் போய்விடும். பாலைப்பழக் காலத்தில் வாயும் கையும் பிசினாக ஒட்டிக்கொண்டு வருவார்கள், அதற்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் போதும், தண்ணீரில் கழுவினால் போகாது.

எங்களுக்குக் கோபம் வருவது களியால் இல்லை ரீச்சர். பலருக்கு இருப்பதே ஒரு சோடி வெள்ளை உடுப்பு. தோட்ட வேலை முடித்து வந்து இரவில் தோய்த்து, மாரியில் அடுப்படியில் காயப் போட்டு, விடியப் போட்டு அனுப்ப வேண்டும். இன்ன நாள் களி வேலை என்று முதல் நாளே ஒரு துண்டில் எழுதிவிடுங்கள், தகப்பனின் பழைய சேட்டு ஒன்றைப் பையில் வைத்துவிடுகிறோம், பொத்தானைப் பின்பக்கமாகப் பூட்டி விட்டால் முழங்கால் வரை மூடும். வெள்ளிக்கிழமையில் வைத்தால் இன்னும் நல்லது, தோய்க்க இரண்டு நாள் கிடைக்கும்.