லாக்கப்பிலிருந்து அரசியலமைப்பைப் படிக்கச் சொன்னவர்கள்: பேராசிரியர்களைப் பற்றிய அனுபவப் பகிர்வு

மதுரை, குற்றவியல் வழக்கறிஞர்

சட்டக் கல்லூரியில் எங்களுக்கு அரசியலமைப்புச் சட்டமும் குற்ற விசாரணை முறைச் சட்டமும் எடுத்தவர் ஒரே பேராசிரியர். டைம்டேபிளில் அவை தனித்தனிப் பாடங்கள். அவர் வகுப்பில் அந்தக் கோடு கிடையாது. கைது பற்றிய அத்தியாயத்தை, கைதானவரின் உரிமைகளைச் சொல்கிற அரசியலமைப்பின் ஆர்ட்டிகிள் 22-இல் ஆரம்பிப்பார். அடிப்படை உரிமைகளை, கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் போடும் ஒரு ரிமாண்ட் ஆர்டரைக் கையில் கொடுத்து ஆரம்பிப்பார். ஏழை மனிதன் அரசியலமைப்பை முதன்முதலில் சந்திக்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன், அங்கிருந்து படித்தால்தான் அது புரியும் என்பது அவர் வாதம். கோர்ட்டில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அது சரி என்றே எனக்குப் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கோபாலன் வழக்கை எடுத்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம், 1950. கோபாலன் கம்யூனிஸ்ட் தலைவர். 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்தவர். 1950-இல், வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரை முன்கூட்டி அடைத்துவைக்க விடும் தடுப்புக் காவல் சட்டம் வந்ததும், மார்ச் 1 அன்று அதன் கீழும் அவர்மேல் உத்தரவு வந்தது. சுப்ரீம் கோர்ட் தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மே 19 அன்று தீர்ப்பு. நாடாளுமன்றம் போட்ட சட்டம் சொல்கிற முறைப்படி ஒருவரை அடைத்தால், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கிற ஆர்ட்டிகிள் 21-க்கு அது போதும், அந்த முறை நியாயமானதா என்று கோர்ட் பார்க்காது என்றது பெரும்பான்மை. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். அடிப்படை உரிமைகள் ஒன்றோடு ஒன்று பின்னியவை, தனித்தனிப் பெட்டியாகப் பார்க்கக் கூடாது என்று எழுதினார். 1970-இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கிலும், 1978-இல் மேனகா காந்தி வழக்கிலும் சட்டம் அவர் பக்கம் திரும்பியது.

இதெல்லாம் எந்த கைடிலும் இருக்கும். சார் எங்களை நிறுத்தி வைத்தது அதே தீர்ப்பில் யாரும் அதிகம் பேசாத ஓர் இடத்தில். அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, தன்னை எதற்காக அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கைதி கோர்ட்டிடம்கூட வெளியிடக் கூடாது என்றது. அதை மட்டும் கோர்ட் செல்லாது என்று வெட்டிவிட்டது. உரிமையைச் சுருக்கிப் படித்த அதே நீதிபதிகளால்கூட அதைத் தாங்க முடியவில்லை, பாருங்கள். காரணம் தெரியாவிட்டால் மற்ற எந்த உரிமைக்கும் பொருள் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்புக்குத் தமிழ்நாட்டின் தடுப்புக் காவல் சட்டமான குண்டாஸ் சட்டத்தின் கீழ் போட்ட ஓர் உத்தரவின் நகலைக் கொண்டு வந்தார். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டம். கலெக்டரோ கமிஷனரோ உத்தரவு போட்டு 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆர்ட்டிகிள் 22(5) படி காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், முறையீடு செய்யச் சீக்கிரமே வாய்ப்பு தர வேண்டும். "இந்தக் காகிதக் கட்டில் எந்தப் பக்கம் படிக்க முடியவில்லை, எந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லை, கண்டுபிடியுங்கள்" என்றார். ஒரு மணி நேரம் வகுப்பில் பேச்சே இல்லை.

தொழிலுக்கு வந்தபின் அடைக்கப்பட்டவரைக் கோர்ட் முன் கொண்டுவரக் கேட்டு நான் போட்ட முதல் ஆட்கொணர்வு மனு அப்படிப்பட்ட ஒரு பக்கத்தில்தான் வென்றது. சாருக்குப் போன் செய்தேன். சந்தோஷப்பட்டார். அப்புறம், "ஆள் வெளியே வருவதற்குள் எத்தனை மாதம் போய்விட்டது?" என்று கேட்டார். குண்டாஸ் வழக்கு நடத்துகிறவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். உத்தரவு ரத்தாகிற நாளில் தண்டனையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். இதைப் பற்றித்தான் அவர் பார் சங்க மலர்களிலும் சின்னச் சின்ன சட்ட இதழ்களிலும் தொடர்ந்து எழுதினார். பெரிய பெயர் எதுவும் அவருக்கு வரவில்லை. அவரிடம் படித்தவர்கள் பல கோர்ட்டுகளில் இருக்கிறோம்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருந்திருந்தால் எழுதுங்கள். நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. அவர் எழுதியதைப் படித்து வழி கிடைத்திருந்தாலும் போதும்.

கோவை, பெண்கள் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

அண்ணா, எனக்கு அப்படிக் கிடைத்தது ஒரு கடிதம். 1979 செப்டம்பரில் நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல். உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் என்று நான்கு பேரும் கையெழுத்துப் போட்டது. குற்ற விசாரணை முறையைப் படித்தவர்களுக்கு கேல்கர் பெயர் தெரியும், அவருடைய பாடநூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. லோத்திகா சர்க்கார் 1951-இலேயே கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டம் சொல்லிக்கொடுத்தவர்.

அந்த மடல் கண்டித்த வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1972 மார்ச்சில், மகாராஷ்டிராவில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஓர் ஆதிவாசிச் சிறுமிக்குப் போலீஸ்காரர்களால் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் வன்முறை. செஷன்ஸ் கோர்ட் போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 1976-இல் தண்டித்தது. சுப்ரீம் கோர்ட் 1978 செப்டம்பரில் மீண்டும் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்த்ததாகத் தெரியவில்லை என்பது காரணம்.

கல்லூரியில் இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கச் சொன்னவர் எங்கள் குற்றவியல் பேராசிரியை. நான் அதில் கோபத்தை எதிர்பார்த்தேன். கோபம் இருந்தது. ஆனால் என்னை அசைத்தது அதன் சட்ட வேலைதான். பயந்து அடங்கிப் போவதும் சம்மதிப்பதும் ஒன்றில்லை என்று குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே நின்று காட்டுகிறார்கள். அப்புறம் நந்தினி சத்பதி வழக்கை எடுக்கிறார்கள். அதே 1978-இல், ஏப்ரலில், அதே சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற ஆர்ட்டிகிள் 20(3) பற்றி நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதியது. முன்னாள் முதலமைச்சரான ஒரு பெண்ணை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதே குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 160-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று அதில் கண்டித்திருந்தார்கள். சில மாதங்கள் கழித்து, இரவில் ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்ட ஏழைச் சிறுமியின் வழக்கில் அந்தக் கண்டிப்பு எங்கே போனது? கேள்வி இவ்வளவுதான். அரசியலமைப்புத் தீர்ப்பையும் குற்றவியல் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பழக்கம் இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

தீர்ப்பு மாறவில்லை. சட்டம் மாறியது. 1983 திருத்தத்தில் காவலில் நடக்கும் பாலியல் வன்முறை தனிக் குற்றமாக வந்தது. சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு சேர்ந்தது. காவலில் நடந்த வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதம் இல்லை என்று அந்தப் பெண் கோர்ட்டில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டும். தெருவில் இறங்கிப் போராடிய பெண்கள் அமைப்புகள் இல்லாமல் இது நடந்திருக்காது, அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்தப் போராட்டம் தூக்கிப் பிடித்தது இந்த நான்கு பேர் எழுதிய காகிதத்தை.

போன வருடம் ஒரு விசாரணையில், எதிர்த்தரப்பு "பெண் சத்தம் போடவில்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது, எனக்கு வாதம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடிதத்தின் வழியிலேயே பேசினேன்.

திருநெல்வேலி, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பழகியவர்

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முழுநேரச் சட்டப் பேராசிரியர் கோர்ட்டில் வந்து வாதாட முடியாது. பார் கவுன்சில் விதிகள் அப்படி. வழக்கறிஞர் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை வகுப்பு எடுக்கலாம், அவ்வளவுதான். ஆக, முழுநேரமாகக் கற்பிக்க வந்தவருக்கு எழுதுவதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அதனால் அவர்கள் எழுத்தை நாம் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது.

எனக்குப் பழக்கமான பேராசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றபின் எங்கள் பார் ரூமுக்கு வந்து ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பார். அவருக்குப் பிடித்தது பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 167(2) பிரிவு. விசாரணை 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில் முடிந்து சார்ஜ் ஷீட் வரவில்லையென்றால் பெயில் கேட்கிற உரிமை. இதை யாரும் டெக்னிக்கல் பாயிண்ட் என்று சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும். இது ஆர்ட்டிகிள் 21-இன் உடம்பு என்பார்.

2020 ஊரடங்கில் அந்தப் பாடம் வேலைக்கு வந்தது. மனுக்களுக்கான காலவரம்பை நீட்டி சுப்ரீம் கோர்ட் மார்ச் 23 அன்று உத்தரவு போட்டதல்லவா, அதைக் காட்டி சார்ஜ் ஷீட்டுக்கும் கூடுதல் நேரம் உண்டு என்று போலீஸ் தரப்பு சொன்னது. மதுரைக் கிளையிலேயே இரண்டு விதமான தீர்ப்பு வந்தது. எந்தப் பக்கம் போவது என்று ஜூனியர்கள் குழம்பியபோது, பேராசிரியர் போனிலேயே சொன்னார்: காலவரம்பு நீட்டிப்பு கோர்ட்டுக்கு வருகிற கட்சிக்காரருக்கு, ஒருவனை உள்ளே வைத்திருக்கிற அரசுக்கு இல்லை, மனுவைப் போட்டு வையுங்கள். ஜூன் 19 அன்று காசி வழக்கில், அதுவும் மதுரை மாவட்டம் சமயநல்லூர் ஸ்டேஷன் வழக்கு, சுப்ரீம் கோர்ட் அதையே சொல்லிவிட்டது. எங்கள் பார் ரூமில் பலர் அன்று அவருக்குப் போன் செய்தார்கள்.

சென்னை, ஆராய்ச்சி மாணவி

ஒரு மாற்றுக் கருத்து. பேராசிரியர்கள் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், சந்தா கட்டித்தான் படிக்க முடிகிற இதழ்களில் வருகிறது. தாலுகா கோர்ட்டில் இருக்கிற ஜூனியருக்கு அது போய்ச் சேருவதில்லை. ஆய்வுக்காக மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போனபோது இதைத்தான் அதிகம் கேட்டேன். நல்ல ஆய்வு, ஆனால் யாருக்கு?

அதே சமயம், எங்கே விழுந்து எங்கே முளைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த பேராசிரியர் டீட்ரிக் கான்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்பது பேச்சு. அதைப் படித்த வழக்கறிஞர் எம்.கே. நம்பியார், 1967-இல் தீர்ப்பான கோலக்நாத் வழக்கில் எடுத்து வாதாடினார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அது, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் அழிக்க முடியாது என்கிற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடாக நின்றது. முதலில் எழுதியவர் பேசிய கோபாலன் வழக்கில் கோபாலனுக்காக வாதாடியவரும் இதே நம்பியார்தான். 1950-இல் தோற்ற வழக்கறிஞர் ஒரு பேராசிரியரின் உரையைத் தேடிப் படித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. தமிழிலும்.

மதுரை, குற்றவியல் வழக்கறிஞர்

தமிழில் எழுத வேண்டும் என்பதைச் சாரிடம் சொன்னேன். இப்போது அவர் எழுதிக்கொண்டிருப்பதே தமிழில்தான் என்றார். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு பற்றி. முன்பு, 1992-இல் வந்த அனுபம் குல்கர்னி தீர்ப்பின்படி, போலீஸ் காவல் முதல் 15 நாளுக்குள் மட்டும்தான். அதற்குப் பிறகு அதே வழக்கில் போலீஸ் கையில் ஆள் போகக் கூடாது. புதிய சட்டத்தில் அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிறைக்குப் போய்விட்டோம், இனி அடி இல்லை என்று ஒருவர் மூச்சு விட்டபின் மீண்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டு வரலாம் என்பதுதான் சாரின் கவலை. ஆர்ட்டிகிள் 21, 22 இரண்டையும் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

இரண்டாவது முறை போலீஸ் காவல் கேட்டு வந்த மனுக்களில் மாஜிஸ்திரேட்டுகள் என்ன காரணம் எழுதுகிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆர்டர் நகல்கள் வேண்டும். உங்கள் கோர்ட்டில் அப்படி வந்திருந்தால், கட்சிக்காரர் சம்மதத்தோடு, பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். கோவை, திருநெல்வேலி இரண்டும் உடனே தேவை. சென்னை நகல்களைத் தங்கை பார்த்துக்கொள்ள முடியுமா?